சுளுக்குக்கு மாவுக்கட்டா?

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் அறுபடுவது கணுக்காலின் வெளிப்புற எலும்புக்கு முன்னால் இருக்கும் சிறிய நார். சற்று நேரத்தில் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் கருநீலம் பாதத்தின் ஓரம் வரை இறங்கும். எக்ஸ்-ரேயில் முறிவு தெரியாவிட்டால், இறுக்கமான துணி உறை ஒன்றை மாட்டிவிட்டு, “மெல்ல நடக்கப் பழகுங்கள்” என்று அனுப்பிவைப்பது இங்கிலாந்து மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. காலை அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகும், ரத்தம் உறையும் என்ற அச்சத்தால் மாவுக்கட்டை மருத்துவர்கள் தவிர்த்துவந்தார்கள்.

வாரிக் பல்கலைக்கழகத்தின் சாலி லாம்ப் தலைமையிலான குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அடிபட்டு மூன்று நாளாகியும் காலை ஊன்ற முடியாத 584 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் துணி உறை. மற்றொன்றுக்கு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, அதுவும் பத்தே நாள். இன்னொன்றுக்குக் கணுக்காலின் இருபுறமும் காற்றுப்பை வைத்த பிளாஸ்டிக் தாங்கி. நான்காவது பிரிவுக்கு, பட்டைகள் போட்டு இறுக்கும் கனத்த பூட்ஸ்.

2009இல் லான்செட் இதழில் வந்த முடிவு பலரும் எதிர்பாராதது. மூன்றாம் மாதத்தில் வலியிலும் நடமாட்டத்திலும் முன்னால் நின்றவர்கள் மாவுக்கட்டுப் பிரிவினர்தான். காற்றுப்பைத் தாங்கியும் ஓரளவு கைகொடுத்தது. விலை அதிகமான பூட்ஸோ துணி உறையைவிடக் குறிப்பிடும்படி எதையும் செய்துவிடவில்லை. மிக மெதுவாகத் தேறியவர்கள் துணி உறை போட்டவர்கள்.

ஒன்பதாம் மாதத்தில் நான்கு பிரிவினருக்கும் இடையே வித்தியாசம் இல்லை. அப்படியானால் எந்தக் கட்டாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு அந்த முதல் மூன்று மாதம் என்பது கூலி, வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். பத்து நாள் மாவுக்கட்டு அவருக்கு நிச்சயம் லாபம். சாதாரணச் சுளுக்குக்கு இது பொருந்தாது. இந்த ஆய்வு காலை ஊன்றவே முடியாதவர்களைப் பற்றியது.

கட்டைப் பிரித்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறுபட்ட நாரோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேதமாகின்றன. அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள் அந்த உணர்வை மீட்கும். நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வில், வீட்டிலேயே எட்டு வாரம் இப்பயிற்சி செய்தவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கு கண்டவர்கள் 22 சதவீதம். செய்யாதவர்களில் 33 சதவீதம்.