நீல மாத்திரையும் அதன் போலியும்

பள்ளியில் வாரம் ஒருநாள் மதிய உணவுக்குப் பின் நாம் கொடுக்கும் நீல நிற மாத்திரையில் இரும்புச்சத்து இருப்பது மாணவர்களுக்கே தெரியும். அதனுடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதை ஆசிரியர்களாகிய நாமே பெரும்பாலும் கவனிப்பதில்லை. வேதியியலர்கள் இதே ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு போலியைச் செய்தார்கள். அந்தப் போலிதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகப் பின்வாங்க வைத்தது. நொதி, புற்றுநோய்ப் பரவல், நோய்த்தடைக்காப்பு என்று தனித்தனியாக நடத்தும் மூன்று பாடங்களையும் இந்த ஒரு மூலக்கூறைக் கொண்டு இணைத்து நடத்தலாம். அத்துடன், புற்றுநோய் சிகிச்சையில் உள்ள குழந்தை நம் வகுப்பில் இருந்தால் நாம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் இதற்குள் இருக்கிறது.

கதை தொடங்குவது நம் நாட்டில். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மும்பையின் துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான இரத்தசோகையை ஆராய வந்தார். இடையில் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பணிபுரிந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருள் அந்த இரத்தசோகையைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதில் இருந்த சத்து எது என்று அப்போது தெரியாது. 1941இல் கீரை இலையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர் யல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். (பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்த வரியைச் சற்று உரக்கப் படிக்கலாம்.) பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். அவருக்கும் அந்த நோய் வந்து நீங்கியது. உணவின் சத்தைக் குடல் ஏற்க முடியாமல் உடல் தேயும் நோய் அது. பின்னாளில் அதற்கு ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்த அவர், 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். 1945இல் ஃபோலிக் அமிலத் தயாரிப்பு வெளியானது. எங்கள் பொதட்டூர்பேட்டை போன்ற எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாக ஒலிக்காது.

அப்போது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் லுகேமியாவுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் இரத்தத்தை வளர்க்கிறதே என்று, அதைச் சார்ந்த பொருள்களை நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகம் பிடித்தது. புற்றுச் செல்லுக்கும் அதுவே தீனி. அப்படியானால் அந்தத் தீனியைத் தடுக்கும் பொருள் உதவுமா? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் சிறு மாற்றங்கள் செய்து அமினோப்டெரின் என்ற போலியை அனுப்பியது. 1947 இறுதியில் ஃபார்பர் அதைப் பயன்படுத்தினார். 1948 ஜூனில் வெளியான அறிக்கையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் மீண்டும் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன் லுகேமியாவை எந்த மருந்தும் இந்த அளவுக்கு அசைத்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயது 53.

போலி எப்படி வேலை செய்கிறது? நொதிப் பாடத்தில் பூட்டும் சாவியும் சொல்கிறோம். எங்கள் ஊரில் விசைத்தறியைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நாடாவுக்குள் தார் பொருந்தினால்தான் ஊடை ஓடும். அளவில் சரியாகப் பொருந்தி, ஆனால் நூல் விடாத ஒரு போலித் தாரை நாடாவில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? நல்ல தார் கூடை நிறைய இருந்தாலும் துணி வளராது. இங்கே நாடா என்பது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி. நல்ல தார் ஃபோலேட். அந்த நொதி வேலை செய்தால்தான் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செல் தயாரிக்க முடியும். அமினோப்டெரினும், அதன் தம்பியாகப் பின்னர் வந்து இன்றுவரை பயன்படும் மெத்தோட்ரெக்சேட்டும் அந்த நொதியை உண்மையான தளப்பொருளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுகப் பற்றுகின்றன. தைமின் இல்லையேல் டி.என்.ஏ. நகலாகாது, செல் பிரியாது. ஃபார்பர் மருந்து கொடுத்தபோது இந்த நொதியைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1950களின் இறுதியில்தான் விளங்கியது.

விரைந்து பிரியும் செல்கள் எல்லாமே இதில் அடிபடும். முடியின் வேர், வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படிப்பட்டவையே. சிகிச்சையில் உள்ள குழந்தை சத்துணவை அப்படியே வைத்துவிட்டால் அது அடம் என்று நினைக்க வேண்டாம், வாய்ப்புண்ணாக இருக்கலாம்.

அடுத்து, பரவல். ஓரிடத்தில் தோன்றிய புற்றுச் செல்கள் இரத்தத்திலோ நிணநீரிலோ பயணித்து வேறு உறுப்பில் குடியேறுவதே மெட்டாஸ்டாசிஸ். இந்தக் கட்டத்துக்கு வந்த கட்டியை மருந்தால் ஒழிக்க முடியாது என்றே 1950களின் நடுப்பகுதிவரை நம்பினார்கள். 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும், நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றி நுரையீரல்வரை பரவிய புற்றுநோய் கொண்ட பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். கட்டிகள் மறைந்தன. லி அத்துடன் நிறுத்தவில்லை. அந்தப் புற்று சுரக்கும் ஹார்மோன் சிறுநீரில் துளியும் இல்லாமல் போகும்வரை மருந்தைத் தொடர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நச்சு மருந்தா என்று மேலிடத்தில் எதிர்ப்பு எழுந்து, நிறுவனத்தைவிட்டே அவர் வெளியேற நேர்ந்தது. நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் அவர் முழுமையாக மருந்து கொடுத்த பெண்களே. 1972இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

இந்த இடத்தில் நம் மொழியால் வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அம்மையும் 'பரவுகிறது', புற்றுநோயும் 'பரவுகிறது' என்று ஒரே சொல்லால் எழுதுகிறோம். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சில பெற்றோரும் அப்படித்தான். சிகிச்சை முடிந்து வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் உட்காராமல் போவதற்கு இந்த ஒரு சொல்லே போதும். 'உடலுக்குள் ஓரிடத்திலிருந்து வேறிடம் போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது' என்று பாடம் நடத்தும்போதே பிரித்துச் சொல்வது நல்லது.

உண்மையில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. மெத்தோட்ரெக்சேட் வெள்ளையணுக்களையும் அடக்கும். இந்தக் குணத்தால்தான், உடலின் தடைக்காப்பு தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கும் சிறிய அளவில் இதைக் கொடுக்கிறார்கள். அதை உண்பவர்கள் நம் உடன் பணிபுரிபவர்களிலேயே இருக்கலாம். வாதத்துக்கு அது வாரம் ஒருமுறை மாத்திரை. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி, வகுப்பறை. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் லுகேமியா வகையே. மருத்துவமனையில் தீவிர சிகிச்சை முடிந்தபின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாத்திரைகள் தொடரும். அவற்றுள் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. சென்னைக்கும் வேலூருக்கும் சிகிச்சைக்குப் போய்வரும் பிள்ளை மறுபடி பள்ளிக்கு வருவது இந்தக் காலத்தில்தான். அப்போது வகுப்பில் எல்லாருக்கும் கொடுப்பதுபோல நீல மாத்திரையை அந்தப் பிள்ளைக்கும் கொடுத்துவிடக் கூடாது. போலித் தாரை மாட்டி மருத்துவர் தறியை நிறுத்தி வைத்திருக்கிறார். நாம் நல்ல தாரைக் கொண்டுபோய்க் கொட்டினால் மருந்தின் வேலை குறையக்கூடும். பெற்றோர் வழியாகச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன பிறகே கொடுப்பது அல்லது விடுவது. பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே காரணத்தைக் குறித்துவைத்தால், நாம் விடுப்பில் இருக்கும் நாளில் வேறு ஆசிரியர் கொடுத்துவிடாமல் இருப்பார்.

மற்றொன்று, சின்னம்மை. நமக்குச் சில நாள் காய்ச்சலாகப் போவது அந்தப் பிள்ளைக்கு உயிர்ப்பிரச்சினை. தட்டம்மையும் அப்படியே. வகுப்பில் யாருக்காவது அம்மை என்று தெரிந்தால் அந்தப் பெற்றோருக்கு அன்றே சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து கொடுக்க மருத்துவருக்குக் கிடைப்பது சில நாள்கள்தாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், வந்த பிள்ளையை விடுப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிவிட்டு, வெளியே பேசமாட்டார்கள். எனவே இரண்டு நாள் வராத பிள்ளையைப் பற்றி அதே தெருவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் காலையிலேயே விசாரித்துவிடுவது நல்லது.