உங்களுக்குத் தெரியுமா? சாவி செத்தாலும் கார் கிளம்பும்!

தரங்கம்பாடி தாண்டி பூவம் எல்லைக்குள் நுழைந்ததும் பெட்ரோல் போட நிறுத்துகிறவர்கள் நிறைய. திரும்ப ஏறி பட்டனை அழுத்தினால், 'சாவி இல்லை' என்கிறதா திரை? பதறாதீர்கள். ரிமோட் சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதே சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத சிறு சிப் ஒன்றும் உண்டு. காரிலுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடி, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்துங்கள். பல கார்கள் உடனே உயிர்பெறும். சில மாடல்களில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும். கையேட்டை ஒருமுறை புரட்டி வைப்பது நல்லது. கதவே திறக்கவில்லையா? ரிமோட்டுக்குள்ளேயே ஒரு உலோகச் சாவி செருகியிருக்கும்.

விளக்கு மங்கி, 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் கோளாறு சாவியில் இல்லை, கார் பேட்டரியில். கடலோர ஊர்களில் பானெட்டைத் திறந்து டெர்மினலை முதலில் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. உப்புக்காற்று அந்த அரிப்பை இன்னும் விரைவாக்கும்.

பிரேக்கை மிதித்தும் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியவில்லையா? பெடல் ஸ்விட்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்த சைகை போகாவிட்டால் பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக் கார் பெரும்பாலும் கிளம்பாது.