வடித்துக் கொட்டும் நீர், குடிக்க வேண்டிய நீர்

திருவனந்தபுரத்து அடுக்களைகளில் மரச்சீனிக் கிழங்கு வேகவைக்கும்போது, முதல் கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைச் சரித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். அதே அடுப்பில் சோறு வடித்த கஞ்சியைக் கொட்ட மட்டும் யாருக்கும் மனம் வராது. உப்புக் கல் போட்டுக் குடித்துவிடுவார்கள். இரண்டுமே சரியான பழக்கம். கிழங்கின் நஞ்சையும் அரிசியின் சத்தையும் தண்ணீர் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கரைவதை எல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. வளர்ந்த மனிதரின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர்தான். வைட்டமின், தாது என்று தனித்தனியாகப் படித்தாலும், அவற்றை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் நம்மிடமிருந்து பறித்துப் போவதும் பெரும்பாலும் தண்ணீரே.

மரச்சீனியும் சாளையும்

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மரச்சீனிக் கிழங்கைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனிதான். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. புரதம் மிகக் குறைவு. போதாததற்கு லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டினால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும்.

மிச்சமிருப்பதை உடலே சமாளிக்கிறது. புரதத்திலுள்ள கந்தகத்தைக் கொண்டு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்தத் தயோசயனேட்டோ, தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். மரச்சீனியோடு சாளை மீன் குழம்பு சேர்ந்தால் இரண்டு இடத்திலும் உதவி: மீனின் புரதம் கந்தகம் தருகிறது, கடல் மீன் அயோடினும் தருகிறது. மீன் வாங்க வழியில்லாத வீட்டில் கிழங்கும் காந்தாரி மிளகாயும் மட்டுமே தட்டில் இருந்தன. கேடு நுழைந்தது அந்த வீட்டில்தான்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், சயனைடு குறைந்த ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா போன்ற ரகங்களைச் சமையலுக்கென்றே தந்திருக்கிறது. சேலம் பக்கம் ஜவ்வரிசிக்காகப் பயிரிடும் எச்-226 ரகமும் இங்கே உருவானதே. அது ஆலைக்கு ஏற்றது. அப்படியே வேகவைத்துச் சாப்பிட ஏற்றதல்ல.

மழை கழுவிய மண்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இளைஞர்களும் விசித்திரமான இதய நோயோடு வந்தார்கள். இதயத்தின் உட்சுவர் தழும்புபோலத் தடித்து இறுகிப்போகும். விரிய முடியாமல் இதயம் திணறும். எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1948இல் உகாண்டாவில் முதலில் விவரிக்கப்பட்டது. அங்கும் இங்கும் வெப்பமண்டலம், அங்கும் இங்கும் வறுமை.

நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், காரணத்தைத் தேடி மண்ணுக்குப் போனார். கேரளக் கடலோர மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியத்தோடு சீரியம் என்ற தனிமமும் உண்டு. அடைமழை கழுவிக் கழுவி வெட்டுக்கல் மண்ணில் மெக்னீசியம் குறைந்துவிடுகிறது. அந்த மண்ணில் விளைந்த கிழங்கையே தின்று வளரும் உடலில் மெக்னீசியம் போதாமல், சீரியம் சேர்ந்து இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்பது அவரும் சி.சி. கார்த்தா முதலிய சகாக்களும் முன்வைத்த கருத்து. மெக்னீசியம் குறைந்த உணவோடு சீரியமும் கொடுத்த எலிகளின் இதயத்தில் நார்த்திசு பெருகியதை அவர்கள் கண்டார்கள். மனிதர்களில் அது முழுதாக நிரூபணமாகவில்லை. ஒட்டுண்ணித் தொற்று உள்ளிட்ட வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனால் கேரளத்தின் வாழ்க்கைத் தரம் உயர உயர நோய் அரிதாகிவிட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றே: ஒரே மண்ணின் ஒரே பயிரை நம்பி வயிறு நிறைத்தால், அந்த மண்ணின் குறை நம் குறையாகிவிடும். பயறு, கடலை, கீரை, தவிடு முழுக்கப் போகாத அரிசி ஆகிய எல்லாவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது. கஞ்சியும் பயறும் என்ற எளிய இரவு உணவுக்கு நான் தரும் மதிப்பு அதனால்தான்.

கொட்டக் கூடாத நீர்

பி வகை வைட்டமின்களும் சி வைட்டமினும் நீரில் கரைபவை. கேரளத்தில் மட்டை அரிசியைப் புழுங்கவைத்தே குத்துவார்கள். நெல் வேகும்போது மேல்தோலில் உள்ள தயமின் தண்ணீரோடு உள்ளே நகர்ந்து அரிசிக்குள் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது. பச்சரிசியைத் தீட்டித் தின்ற, ஆந்திரக் கரையோர வடசர்க்கார் மாவட்டங்களில் கால் மரத்து, இதயம் தளரும் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கலரிசி தின்ற இடங்களில் இல்லை. 1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வுக்கென்று குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவது, கீரையை நறுக்கியபின் அலசுவது, காய் வேகவைத்த நீரைக் கொட்டுவது எல்லாமே இந்த வைட்டமின்களைச் சாக்கடைக்கு அனுப்பும் வேலை. கீரையை அலசிவிட்டு நறுக்குங்கள். அளவாகத் தண்ணீர் விட்டு மூடி வேகவையுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் இன்னும் பெரிய வேலை செய்கிறது. மாவுச்சத்து செரித்து வரும் குளுக்கோஸும் உப்பின் சோடியமும் குடல் சுவர் வழியே சேர்ந்தே உள்ளே போகின்றன; பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971இல் வங்க எல்லையின் பங்காவ் அகதி முகாமில், காலரா வந்தவர்களுக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் ஏராளமான உயிர்களைக் காத்தது இதே வழியில்தான். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

எண்ணெய் கேட்கும் வைட்டமின்கள்

ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரைத் தோரனில் தேங்காய்த் துருவல் விழுவது சுவைக்கு மட்டுமல்ல; கீரையின் பீட்டா கரோட்டினை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். ஸ்ரீகாரியம் நிறுவனத்தின் பூ சோனா என்ற ஆரஞ்சு நிறச் சீனிக்கிழங்கில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. குழந்தைகள் விரும்பித் தின்னும் இனிப்பு அது. பள்ளிச் சத்துணவில் இடம்பெறத் தகுந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

சாளையில் டி வைட்டமின் உண்டு; மெல்லிய முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். மீன் தின்னாதவருக்கு வெயில்தான் முக்கிய வழி.

சோகை

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழகத்தில் 53 சதவீதம். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, ஆணுக்கு 19. கேரள அரசு 2023 பிப்ரவரியில் விவா கேரளம் என்ற பெயரில் சோகை ஒழிப்பைத் தொடங்கியது. வீட்டில் செய்ய இரண்டு காரியம் உண்டு: சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பது, சாப்பிட்ட உடனே சாயா குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது. தேயிலையின் டானின் இரும்பைக் கட்டிப்போடும்.

குடிக்கும் நீர்

திருவனந்தபுரத்துக் கடைகளில் பதிமுகம் என்ற மரத்துண்டு போட்ட இளஞ்சிவப்பு நீரோ, சீரக நீரோ மேசைக்கு வரும். நிறம் பார்த்து நம்பக் கூடாது. நிறம் வந்தது கொதித்ததற்குச் சான்றல்ல. சூட்டைத் தணிக்கக் கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைக் கலப்பது அதைவிட ஆபத்து. மஞ்சள்காமாலைக் கிருமி அந்த அரைக் குவளையில் வந்துவிடும். கொதித்ததைத் தானாக ஆறவிடுங்கள். கிணறும் கழிவுத்தொட்டியும் நெருங்கிக் கிடக்கும் மாவட்டத்தில் இதில் சமரசம் கூடாது.

நகரத்துக் குழாய்க்கு வருவது அருவிக்கரையில் கரமனையாற்றிலிருந்து எடுக்கும் நீர். உப்பில்லாத நல்ல நீருக்கு ஆர்ஓ கருவி தேவையில்லை. கரைந்துள்ள கொஞ்சம் கால்சியம், மெக்னீசியத்தையும் அது பிடுங்கிவிடும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. கடலோரக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கதை வேறு. சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

சாதாரண நாளில் சுமார் 2 லிட்டர் போதும். வெயிலில் உழைப்பவருக்குக் கூடுதல். பிள்ளைகள் தாகம் எடுத்தாலும் விளையாட்டில் மறந்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியில் கேரளப் பள்ளிகளில் காலையும் பிற்பகலும் ஐந்து நிமிடம் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025இல் தமிழகப் பள்ளிகளிலும் அது வந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு இளநீரும் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.