பூக்காரர் உலா

மாணவர்களே, தில்லிக் குதுப்மினாருக்கு அருகிலுள்ள மெஹ்ரௌலியில், மழைக்காலம் முடிந்தபின் ஒரு விழா நடைபெறுகிறது. ‘பூல் வாலோன் கீ சைர்’ என்பது அதன் பெயர். பூக்காரர் உலா என்று தமிழில் கூறலாம்.

முகலாய மன்னர் இரண்டாம் அக்பரின் மகன் மிர்சா ஜஹாங்கீர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரை நோக்கிச் சுட்டதால் அவன் அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டான். மகன் மீண்டு வந்தால் குவாஜா பக்தியார் காக்கியின் தர்காவில் மலர்ப்போர்வை சாத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டாள். அவன் திரும்பினான், நேர்த்திக்கடன் நிறைவேறியது. அப்போது அருகிலிருந்த யோகமாயா கோயிலுக்கும் மலர்க் காணிக்கை சென்றது. அன்று தொடங்கிய வழக்கப்படி, மலரும் சரிகையும் கொண்டு ஒப்பனை செய்த பெரிய விசிறிகளை இந்துக்களும் இஸ்லாமியரும் சேர்ந்தே இரண்டு இடங்களுக்கும் எடுத்துச் செல்கின்றனர். காண்போருக்கு நம் ஊர்ப் பூப்பல்லக்கு நினைவுக்கு வரும். 1942இல் ஆங்கில அரசு இவ்விழாவை நிறுத்தியது. விடுதலைக்குப்பின் நேருவின் காலத்தில் மீண்டும் தொடங்கியது.

இஸ்லாத்தில் வழிபாடு இறைவன் ஒருவனுக்கே உரியது. எனவே, விசிறியுடன் கோயிலுக்குச் செல்லும் இஸ்லாமியர் அதனை வழிபாடாக அன்றி, அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையாகக் கொள்ளலாம். அதுவும் கூடாதென ஒதுங்குவோரும் உளர். அவர்களைப் பகைவராக எண்ணுதல் தவறு. தீபாவளி முறுக்கை மகிழ்ந்து பெறும் உங்கள் தோழன், சாமிக்குப் படைத்ததை வேண்டாம் எனலாம். இதனை அறிந்த வீடுகளில், படையலில் சேராத முறுக்கை அவனுக்கெனத் தனியே எடுத்துவைப்பர்.