அறியாச் சொல்லும் அயலூர் விருந்தாளியும்

அரபு மொழியில் ‘கரீப்’ என்னும் சொல்லுக்குத் தன் ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த அயலான் என்பது பொருள். படிப்போர்க்கு எளிதில் விளங்காத சொல்லுக்கும் நம் முன்னோராகிய அறிஞர் பெருமக்கள் இதே பெயரைச் சூட்டினார்கள். திருமறையின் அருஞ்சொற்களை விளக்கும் கலைக்குக் ‘கரீபுல் குர்ஆன்’ என்றும், நபிமொழிகளின் அருஞ்சொற்களை விளக்கும் கலைக்குக் ‘கரீபுல் ஹதீஸ்’ என்றும் பெயர்கள் வழங்கலாயின.

இப்பெயரிலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. வாசலில் வந்து நிற்கும் அயலூராரை நாம் விரட்டுவதில்லை. அவர் யாரென்று கேளாமல் நாமாக ஒரு பெயர் வைத்து அழைப்பதும் இல்லை. ஊர் எது, உறவு யார் என்று விசாரித்து உள்ளே அழைக்கிறோம். படிக்கும்போது எதிர்ப்படும் அறியாச் சொல்லையும் அவ்வாறே நடத்த வேண்டும்.

ஆனால் நம் இல்லங்களில் நடப்பது என்ன? குர்ஆன் தர்ஜமாவை விரித்து வாசிக்கிறோம். விளங்காத சொல் வந்தால் ஒருவர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார். இன்னொருவர் தாமாகவே ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்கிறார். முன்னவர் இழப்பது ஒரு சொல்லின் பயனை மட்டுமே. பின்னவரோ, இறைவன் சொல்லாத ஒன்றை அவன் சொன்னதாக நம்பத் தொடங்கிவிடுகிறார். இவ்விரண்டிலிருந்தும் தப்பும் வழியைச் சஹாபாப் பெருமக்களின் வாழ்விலே காணலாம்.

அண்டை அயலைப் பார்த்தல்

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை மிம்பரில் நின்று ‘அபஸ’ என்னும் 80ஆவது சூராவை ஓதினார்கள். அதன் 31ஆம் ஆயத்தில் ‘ஃபாகிஹா’, ‘அப்ப்’ என இரு சொற்கள் சேர்ந்து வருகின்றன. ஃபாகிஹா என்பது கனி என்று தெரியும். அப்ப் என்பது யாது என்று வினவிய உமர் (ரலி) அவர்கள், பின்னர் தாமே, இதைத் துருவிக்கொண்டிருப்பது வலிந்து ஏற்கும் சுமை என்று கூறி நிறுத்திக்கொண்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? அவ்விடத்தில் அல்லாஹுதஆலா மழையைப் பொழிவித்துப் பூமியைப் பிளந்து தானியம், திராட்சை, ஒலிவம், பேரீச்சை ஆகியவற்றை முளைப்பித்ததைச் சொல்லி வருகிறான். ஆதலால் அப்ப் என்பதும் மண்ணில் விளையும் ஒன்றே என்பதில் ஐயமில்லை. எந்தத் தாவரம் என்பது மட்டுமே தெரியவேண்டியிருந்தது. நன்றி செலுத்துவதற்கு அது தடையாகாது. அடுத்த ஆயத்தோ இவையெல்லாம் உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயன்படுவன என்கிறது. கனி மனிதனுக்கு, அப்ப் கால்நடைக்கு. ஆகவே அது மேய்ச்சற் புல் என்று விரிவுரையாளர்கள் விளக்கினார்கள். ஒரு சொல்லைப் பற்றி முதலில் அதன் அண்டை வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பிறப்பிடத்தை அறிதல்

வானங்களையும் பூமியையும் படைத்தவன் என்னும் பொருளில் ‘ஃபாத்திர்’ என்னும் சொல் திருமறையில் வருகிறது. 35ஆவது சூராவின் பெயரும் அதுவே. திருமறை விளக்கத்தில் தலைசிறந்து விளங்கிய ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கே அச்சொல்லின் நுட்பம் முதலில் விளங்கவில்லை. ஒரு கிணற்றுக்காக வழக்காடிய கிராமத்து அரபிகள் இருவர் அவர்களிடம் வந்தார்கள். அவர்களுள் ஒருவர், அதைத் தோண்டத் தொடங்கியவன் நானே என்று சொல்வதற்கு இச்சொல்லின் வினை வடிவத்தைப் பயன்படுத்தினார். முன்மாதிரி எதுவுமின்றி முதன்முதலில் தொடங்கியவன் என்னும் கருத்து அப்போதுதான் தமக்குப் புலப்பட்டதென்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள்.

இச்சொல்லின் வேர் பிளத்தல், திறத்தல் என்னும் பொருளுடையது. நாம் நோன்பு திறப்பதை ‘இஃப்தார்’ என்பதும், பெருநாளை ‘ஈதுல் ஃபித்ர்’ என்பதும் இதே வேரில் கிளைத்தவையே. அயலவராகத் தோன்றியவர் நெருங்கிய உறவினராகிவிட்டார் பாருங்கள்!

கேட்பதில் இழிவில்லை

16ஆவது சூராவின் 47ஆம் ஆயத்தில் ‘தகவ்வுஃப்’ என்னும் சொல் வருகிறது. ‘கவ்ஃப்’ என்றால் அச்சம். ஆகவே இதற்கும் அச்சம் என்றே பொருள்கொள்ளத் தோன்றும். உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு ஊகித்துக்கொண்டு போகவில்லை. மிம்பரில் இருந்தபடியே கூடியிருந்தோரிடம் அதன் பொருளைக் கேட்டார்கள். ஹுதைல் குலத்து முதியவர் ஒருவர் எழுந்து, எங்கள் வழக்கில் இது சிறிது சிறிதாகக் குறைப்பதைக் குறிக்கும் என்றார். அதற்குச் சான்றுண்டா என்று கலீஃபா கேட்க, சேணம் உராய்ந்து ஒட்டகத்தின் திமில் தேய்ந்துபோனதைப் பாடும் பழங்கவிதை ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். உங்கள் பழைய கவிதைகளைப் பேணுங்கள், திருமறையின் சொல் விளக்கம் அவற்றில் உண்டு என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக விரிவுரை நூல்களில் காண்கிறோம்.

எண்ணிப் பாருங்கள். கேட்டவர் ஒரு பேரரசின் தலைவர். விடை சொன்னவர் பெயரறியா முதியவர். நான்கு பேர் முன்னிலையில் கேட்க நாம் நாணுகிறோம். அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்க வேண்டுமென்று அதே சூராவின் 43ஆம் ஆயத்து பணிக்கிறது. அப்ப் என்னும் சொல்லில் நிறுத்திக்கொண்ட உமர் (ரலி) அவர்கள் இங்கே ஏன் கேட்டார்கள்? அங்கே கருத்து விளங்கிவிட்டது. இங்கே கருத்தே அச்சொல்லைப் பொறுத்திருந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே கேட்பது என்பதற்கு இதுவே அளவுகோல்.

தெரிந்த சொல்லும் ஏமாற்றும்

அறியாச் சொல்லாவது நம்மை நிறுத்தி எச்சரிக்கிறது. தெரிந்ததாக நாம் எண்ணும் சொல் எச்சரிப்பதே இல்லை. நோன்பு நோற்போர் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும்வரை உண்ணலாம் என்னும் கருத்துடைய ஆயத்து (2:187) இறங்கியபோது, அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மெய்யாகவே கறுப்பிலும் வெள்ளையிலும் இரு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை. காலையில் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கூற, அது இரவின் இருளும் பகலின் ஒளியுமே என்று பெருமானார் விளக்கினார்கள். அரபியரான அவர்களுக்கே இந்நிலையென்றால் நாம் எம்மாத்திரம்?

நம் வீடுகளில் ‘ஃபித்னா’ என்னும் சொல்லைக் கேளாதவர் இல்லை. கோள் மூட்டுவதும் கலகம் விளைப்பதுமே அதன் பொருளென நினைக்கிறோம். 64ஆவது சூராவின் 15ஆம் ஆயத்து, உங்கள் செல்வமும் மக்களும் ஃபித்னா என்கிறது. வீட்டு வழக்கை வைத்து இதைப் படிக்கும் தந்தை என்ன நினைப்பார்? பிள்ளைகளே கலகக்காரர்கள் என்று இறைவனே சொல்லிவிட்டான் எனக் கோபம் கொள்வார். இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி (ரஹ்) தம் ‘முஃப்ரதாத்’ நூலில் இச்சொல்லின் மூலத்தை விளக்குகிறார்: தரம் அறியப் பொன்னை நெருப்பிலிடுவதே அது. ஆகவே இங்கே அதன் பொருள் சோதனை. சோதிக்கப்படுபவர்கள் பிள்ளைகள் அல்லர்; பெற்றோராகிய நாமே! வேறு சில இடங்களில் கலகம், கொடுமை என்னும் பொருளிலும் இச்சொல் வருவதுண்டு. இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும். ஒரு சொல்லைப் பிழையாகக் கொண்டவர் பிள்ளையைக் கடிகிறார். சரியாகக் கொண்டவர் தம்மையே விசாரித்துக்கொள்கிறார்.

தெரியாது என்பதும் அறிவே

நாம் வெள்ளிதோறும் ஓதும் ‘கஹ்ஃப்’ சூராவின் 9ஆம் ஆயத்தில் ‘ரகீம்’ என்னும் சொல் உண்டு. குகைத் தோழர்களின் பெயர் பொறித்த பலகை என்றும், பள்ளத்தாக்கு என்றும், மலை என்றும் பலவாறு உரை கூறுவர். அது எழுத்தா, கட்டடமா என்று நான் அறியேன் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே கூறியதாக அறிவிப்பு உண்டு. அப்பெருந்தகைக்கு இல்லாத துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே அன்பர்களே! ஓதும் இடத்தருகே ஒரு குறிப்பேடு வையுங்கள். விளங்காத சொல்லை அதில் எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள ஆயத்துகளைப் படியுங்கள். அடிக்குறிப்பைப் பாருங்கள். பிறகும் தெளியாவிட்டால் ஜும்ஆ முடிந்ததும் ஆலிமிடம் கேளுங்கள். தாய்மார்கள் குறித்துவைத்த சொற்களையும் ஆடவர் கொண்டுசென்று கேட்டு வரட்டும். பிள்ளைகள் கேட்கும் சொல்லுக்கு விடை தெரியாவிட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்று கூறுங்கள். கூறியபடி கேட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கு ஒரு சொல்லாயினும் ஆண்டுக்கு 50 சொற்கள் நம் வீட்டாராகிவிடும்.

நமக்குத் தெரியாதவற்றைக் கற்றுத் தருவானாக! கற்றவற்றைக் கொண்டு பயனடையச் செய்வானாக! ஆமீன்.