வாசலில் சோதனை, வகுப்பில் வேதனை!



ஆலையில் புதிதாகச் சேர்கிறான் ஒரு தொழிலாளி. கை தேர்ந்தவன், தன் ஊரிலே பத்தாண்டு தறி ஓட்டியவன். மேஸ்திரியோ வேறு மொழிக்காரர். அவர் இடும் கட்டளை பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. நூல் அறுகிறது. உடனே, "வேலை தெரியாதவன்" என்று அவன் பெயரில் எழுதிவிடுகிறார்கள். நாம் சும்மா இருப்போமா? "அவனுக்குத் தெரியாதது தொழிலல்ல, உங்கள் சொல்! அதைச் சொல்லிக் கொடுத்தீர்களா?" என்று கேட்போம். சங்கம் வைத்திருப்பதே அப்படிக் கேட்கத்தானே!

அதே கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. பிரிட்டனின் பல்கலைக் கழகங்களைச் சொல்கிறேன். 2022-23 கல்வியாண்டில் அங்கே படித்த வெளிநாட்டு மாணவர் 7 லட்சத்துக்கு மேல். அவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களே பெருந்தொகையினர். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, மாதந்தோறும் வட்டி கட்டும் தகப்பன்மார் நம் தெருக்களிலும் உண்டு. ஆகவே இது யாரோ எவரோ கதையல்ல.

கட்டணக் கதையை முதலில் கேளுங்கள். 1967-இல் உள்நாட்டு மாணவனுக்கு 70 பவுண்டு, வெளிநாட்டு மாணவனுக்கு 250 பவுண்டு என்று பிரித்தார்கள். 1980-இல் அதுவும் போதாதென்று, முழுச் செலவையும் வெளிநாட்டானே கட்டவேண்டும் என்றார்கள். பரிவு காட்டிய காலம் போயிற்று. வரவு பார்க்கும் காலம் வந்தது!

பணம் மட்டும் போதுமா? மொழிச் சீட்டும் வேண்டும். 1989-இல் வந்த ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 9 வரை மதிப்பெண். 6.5 எடுத்துக்கொண்டு வா என்று கேட்கும் துறைகள் பல. சோதனை தவறென்று நான் சொல்லவில்லை. சீட்டே மொழி என்று ஆக்கிவிட்டார்களே, அதுதான் தவறு.

சீட்டே எல்லாம் என்றானால் என்ன நடக்கும்? 2014-இல் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டனில் விசா நீட்டிப்புக்காக எழுதப்பட்ட 'டோயிக்' என்ற ஆங்கிலத் தேர்வில், சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்ததைப் பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலமாக்கியது. மோசடி செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தேர்வை நடத்திய நிறுவனம் என்ன செய்தது? அங்கே எழுதப்பட்ட தேர்வுகளில் 100-க்கு 97 சந்தேகத்துக்குரியவை என்று பட்டியலிட்டது! அதைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேரின் விசாவிலே கை வைத்தது உள்துறை. பின்னர் நீதிமன்றப் படியேறி வென்றவர்கள் ஏறத்தாழ 3,600 பேர் என்று 2019-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. வழக்கில் வென்றார்கள், இழந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

சரி, நேர்மையாகச் சீட்டு வாங்கி உள்ளே போனவன் கதி என்ன? வகுப்பில் உட்காருகிறான். விசை, அழுத்தம், மின்னோட்டம் போன்ற பாடச் சொற்கள் அவனுக்குத் தெரியும், ஊரிலேயே படித்தவன். இடறுவது இடையிலே வரும் சொற்களில்! 'கருது', 'விளைவி', 'மாறாக' என்பனபோல எல்லாத் துறைக்கும் பொதுவான சொற்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் இத்தகைய சொற்களை எண்ணிப் பார்த்து, 2000-இல் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். பாட நூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது. பேராசிரியர் நடுவிலே உள்ளூர்ப் பேச்சில் ஒரு வேடிக்கை சொல்கிறார், வகுப்பு சிரிக்கிறது, இவனும் சேர்ந்து சிரிக்கிறான், புரியாமலே! கேட்டால் கேவலம் என்று வாய் மூடுகிறான். முடிவில் அவன் தாளில் மதிப்பெண் குறைகிறது.

இதற்கு மருந்தில்லையா? உண்டு. பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் டிம் ஜான்ஸ், டோனி டட்லி-எவன்ஸ் என்ற இரு மொழி ஆசிரியர்கள் 1970-களின் கடைசியில் செய்து காட்டினார்கள். போக்குவரத்துத் துறையிலும் தாவரவியலிலும் படித்த வெளிநாட்டு மாணவருக்காக, பேராசிரியரின் சொற்பொழிவை ஒலிநாடாவில் பதித்தார்கள். பிறகு மாணவர், மொழி ஆசிரியர், பாட ஆசிரியர் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். எங்கே புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று அலசினார்கள். மாணவன் தன் குறையைக் கண்டான். பேராசிரியர் தன் பேச்சு எத்தனை பேரை எட்டுகிறது என்பதைக் கண்டார். மொழி ஆசிரியர் அந்தத் துறையில் மொழி எப்படிப் புழங்குகிறது என்பதைக் கண்டார். மூவரும் கற்றார்கள்!

"ஆங்கிலம் வராதவன் ஏன் அங்கே போகவேண்டும்?" என்று கேட்பார்கள் சிலர். கேட்கட்டும். மதிப்பெண் போதும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டது யார்? கட்டணத்தை எண்ணி வாங்கியது யார்? வாங்கும்போது 'தகுதியுள்ளவன்', தவறும்போது 'மொழி தெரியாதவன்' என்பது எந்த ஊர் நியாயம்? மாணவனும் உழைக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஏணியை எடுத்துவிட்டு, ஏறத் தெரியவில்லை என்று ஏசுவது அறமல்ல.

இன்றும் அங்கே மொழி வகுப்புகள் இல்லாமலில்லை. படிப்பு தொடங்குமுன் சில வாரம், தனிக் கட்டணத்தில். தொடங்கியபின் வாரத்துக்கு ஓரிரு மணி, பல இடங்களில் இலவசமாக. ஆனால் பொறியியல் படிப்பவனும் சட்டம் படிப்பவனும் ஒரே பொது வகுப்பில் உட்கார்ந்தால், அவனவன் துறைக்கு வேண்டிய சொல் அங்கே கிடைக்குமா?

ஆகவே கேட்கவேண்டியவை மூன்று. மொழிப் பயிற்சி துறைக்குள்ளேயே, பாடத்தோடு நடக்கட்டும். அதற்குத் தனிக் காசு கேட்காதீர்கள். கட்டிய கட்டணத்தில் அதுவும் அடங்கட்டும். பாட ஆசிரியரும் அந்த அறைக்கு வந்து உட்காரட்டும்.

அயல்நாடு போகும் தம்பிகளுக்கும் ஒரு சொல். கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே. மொழிக்கு என்ன துணை, எத்தனை மணி, யார் கற்பிக்கிறார் என்றும் கேள். போய்ச் சேர்ந்தபின் புரியாததைக் கை தூக்கிக் கேள். அதில் வெட்கமில்லை. நீ கேட்பது பிச்சையல்ல. உன் தகப்பன் வியர்வை சிந்திக் கட்டிய பணத்துக்கு உரிய பங்கு!