இருபது கடிகாரங்கள்

1922ஆம் ஆண்டில், அப்போது உலகச் சாம்பியனாக விளங்கிய கியூபா நாட்டுக் காபபிளாங்கா, அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரில் 103 பேரோடு ஏககாலத்தில் சதுரங்கம் ஆடி, ஒன்றைச் சமன் செய்து மற்ற 102 ஆட்டங்களையும் ஏழு மணி நேரத்தில் வென்றார் என்று படிக்கும்போது, அவருடைய மேதையை எண்ணி வியக்கிறோமேயன்றி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு நிமிஷமே அவர் செலவிட்டார் என்ற கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் மண்டபத்தில் நடக்கும் அத்தகைய ஆட்டத்தின் சம்பிரதாயம் ஆசானுக்கு மிகவும் அனுகூலமானது. பலகைகளின் வரிசையோரம் அவர் நடந்து வருவார். அவர் எதிரே வந்து நின்ற பிறகே எதிராளி காயை நகர்த்த வேண்டும். அவர் மற்றப் பலகைகளைச் சுற்றி வரும் நேரம் எதிராளியின் யோசனைக்கு உதவுமேயல்லாது ஆசானின் கணக்கில் நஷ்டமாக எழுதப்படுவதில்லை.

இணையத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. எதிராளி காயை நகர்த்திய அந்தக் கணத்திலேயே, நாம் வேறொரு பலகையில் ஆழ்ந்திருந்தாலும், நம் நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் விசுவநாதன் ஆனந்த், கோவிட் நிவாரண நிதிக்காகத் திரைப்படத் துறையிலும் விளையாட்டுத் துறையிலும் பெயர்பெற்றவர்களோடு இணையத்தில் ஒரே சமயத்தில் ஆடியதைக் கண்டு, இதே போலத் தாமும் நண்பர்களோடு ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், திறமைக்கு முன்னால் கவனிக்க வேண்டியது இந்தக் கடிகாரத்தின் கணிதத்தைத்தான்.

இருபது பேரோடு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். பலகைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலாகச் சேரும். (இவ்வாறு நேரம் சேரும் கடிகாரத்துக்கு 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் பாபி ஃபிஷர்.) பலகைக்குப் பத்து விநாடி வீதம் யோசித்து ஒரு சுற்று வந்தால் 200 விநாடி ஆகிவிடும். எதிராளிகள் உடனுக்குடன் பதில் ஆடுகிறவர்களாயின், நாம் திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு பலகையிலும் 200 விநாடி கழிந்து, 30 விநாடி கூடி, நிகரமாக 170 விநாடி போயிருக்கும்; அந்தக் கணக்கில் நம்முடைய ஒரு மணி நேரம் இருபத்தோரு நகர்த்தல்களிலேயே தீர்ந்துபோகும். அந்தப் பத்து விநாடியை ஐந்தாகக் குறைத்தாலோ, சுற்றுக்கு 100 விநாடி, நிகர நஷ்டம் 70, ஐம்பத்தொரு நகர்த்தல் வரை தாங்கும். யோசனையைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேலாக நீள்கிறதே, அதற்குக் காரணம் ஒரு பலகையின்முன் நாம் செலவிடும் ஒவ்வொரு விநாடியும் நம் பதிலுக்குக் காத்திருக்கும் அத்தனை பலகைகளிலும் ஒருங்கே கழிவதுதான். இருபது பேர் காத்திருக்கையில் ஒரு நிமிஷம் யோசிப்பவர் மொத்தத்தில் இருபது நிமிஷத்தைச் செலவழிக்கிறார்.

ஆகையால் எங்கே யோசிப்பது என்பதைக் காட்டிலும் எங்கே யோசிக்காமல் இருப்பது என்ற நிர்ணயமே முதன்மையானது. எதிராளி நம் குதிரையை வெட்டியிருக்கிறான், திருப்பி வெட்ட ஒரே ஒரு சிப்பாய்தான் உண்டு என்றால், அதைத் தயங்காமல் வெட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போகலாம். நேரம் உண்மையில் விரயமாவது ஆபத்தான நிலைகளில் அன்று. யானையை இந்தப் பத்தியில் வைப்பதா, பக்கத்துப் பத்தியில் வைப்பதா என்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும் அமைதியான நிலைகளில்தான் கை தயங்குகிறது. காத்திருப்போர் பலராக இருக்கும்வரை அப்படிப்பட்ட இடத்தில் ஏதாவதொன்றைத் தேர்ந்துகொண்டு நகர்வதே புத்திசாலித்தனம் என்பது என் திடமான அபிப்பிராயம். வரிசைப்படி சுற்றிவரும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; எந்தக் கடிகாரத்தில் நேரம் மிகக் குறைவோ அங்கே முதலில் போக வேண்டும். ஒரு காய் கூடுதலாகப் பெற்ற ஆட்டத்தில் அழகான முடிவைத் தேடாமல் காய்களை மாற்றிக்கொண்டு விரைவில் முடித்துவிட்டால், இருபது பத்தாகும். ஆரம்பத்தில் கிட்டாத யோசனை நேரம் அப்போது தானாகக் கிட்டும். பலரோடு ஆடுகிறவரின் கடிகாரத்தில் மட்டும் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள லிசெஸ் தளம் இடம் தருகிறது. அதை ஏற்றுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

எல்லாப் பலகையிலும் ஒரே திறப்பை ஆடினால் நேரம் மிஞ்சும் என்று சிலர் எண்ணுகிறார்கள். முதல் எட்டுப் பத்து நகர்த்தல்கள் வரை அது உண்மையே. அதன் பிறகு இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும் நிலைகள், எந்தப் பலகையில் எந்த மிரட்டலைக் கண்டோம் என்ற ஞாபகத்தைக் குழப்பிவிடுகின்றன. இரண்டு திறப்புகளைப் பலகைகளுக்கிடையே மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வது நல்லது.

நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தரும் நீண்ட ஆட்டங்களின் இயல்பு வேறு. எஸ்தோனியாவின் பால் கேரஸ், தக்க எதிராளிகள் ஊரில் அருகியிருந்த தம் இளமைக்காலத்தில் தபால் மூலம் ஆடத் தொடங்கி, ஒரு கட்டத்தில் 150 ஆட்டங்கள் வரை ஒருங்கே நடத்தினார் என்பர். பின்னர் உலகின் முன்னணி ஆட்டக்காரராகத் திகழ்ந்த அவருக்கு அந்த அஞ்சலட்டைகளே பாடசாலையாயின. தபாலில் கடிதம் போய்த் திரும்பும் நாள்கள் இயல்பாகவே ஓய்வைத் தந்தன. இணையத்திலோ பதில் அரை நிமிஷத்தில் வந்து நிற்கிறது. இருபது ஆட்டங்களை ஒரே நாளில் தொடங்குகிறவர், திறப்புப் புத்தகங்களைப் பார்க்க அனுமதி இருப்பதால் முதல் வாரத்தை உல்லாசமாகக் கடந்துவிட்டு, பின்பு இருபது இடையாட்டங்களும் ஒரே வாரத்தில் முற்றி நிற்கக் கண்டு திகைப்பார். நாளுக்கு இருபது பலகைகள், பலகைக்குக் கால் மணி என்றாலும் ஐந்து மணி நேரம் வேண்டுமே! வாரத்துக்கு இரண்டு மூன்றாக ஆரம்பித்தால் சில ஆட்டங்கள் திறப்பிலும் சில முடிவிலுமாக நிற்க, சுமை பரவிவிடும். எதிராளி இன்னதை ஆடினால் என் பதில் இன்னது என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியையும், கட்டாயமான பதில்கள் தொடரும் இடங்களில் பயன்படுத்திக்கொள்ளலாம். இவ்வளவு ஏற்பாடு செய்துகொண்டாலும், எளிய ஆட்டங்கள் முதலில் முடிந்துபோக, யானை இறுதியாட்டங்களும் சமநிலை குலையாத போராட்டங்களுமே கையில் எஞ்சி மாதக்கணக்கில் நீளும். எனவே நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்துப் புதிய அழைப்பை ஏற்காமல், அவற்றில் எத்தனை அத்தகையவை என்று எண்ணிப் பார்த்து ஏற்க வேண்டும்.